ரெண்டாவது கியர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு இறங்கும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏலக்காய் வாசம் வருவதில்லை; பிரேக் கருகும் வாடைதான் வருகிறது. மூணாறு பார்த்துவிட்டுத் திரும்பும் கார்கள், டிஸ்க் பிரேக், ஏபிஎஸ் என்று சகல பாதுகாப்பும் உள்ளவை, முன்சக்கரம் புகைய ஓரங்கட்டி நிற்கும். குடும்பத்தலைவர் பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிக்கொண்டிருப்பார். கொதிக்கிற இரும்புத் தட்டில் பச்சைத்தண்ணீர் பட்டால் தட்டு கோணிக்கொள்ளும், விரிசலும் விழலாம். சொன்னால் கேட்க மாட்டார். புகை வந்தால் தண்ணீர் ஊற்றணும் என்பது அடுப்படியிலிருந்தே வந்த ஞானம்.

எண்பதுகளில் மலைமேல் பூப்பாறையில் என் சித்தப்பா வைத்திருந்த அம்பாசடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதை நம்பி யாரும் மலையிறங்கியதில்லை. சித்தப்பா முதலில் நம்பியது ரெண்டாவது கியரை. அடுத்து ஹேண்ட் பிரேக்கை. அப்புறம் வழியெல்லாம் இருக்கிற சாமிகளை. கால் பிரேக்குக்குக் கடைசி இடம். காரணம் இருந்தது. டிரம் சூடேறினால் விரியும். விரிந்தால் உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகும். மிதி ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போகும். லாரிகளுக்கு கிளீனர்தான் அவசர பிரேக். ஏற்றத்தில் வண்டி திணறினால் மரக்கட்டையோடு குதித்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார்.

மழைக்கு முன்னால் வாசலில் பிரேக் வேலை நடக்கும். ஷூவைக் கழற்றி போடிக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினால், கடையில் தேய்ந்த லைனிங்கைப் பெயர்த்துப் புதிதாக ரிவிட் அடித்துத் தருவார்கள். அதற்குள் டிரம்மில் படிந்த கறுப்புத் தூளை சித்தப்பா வாயாலேயே ஊதித் தள்ளுவார். அந்தக் கால லைனிங்கில் கல்நார் கலந்திருந்தது. நுரையீரலுக்கு அது என்ன செய்யும் என்பது உலகத்து மருத்துவர்களுக்கு அப்போதே தெரியும். பூப்பாறைக்குத் தகவல் வரவில்லை.

கடைசியில் பிரேக் லைனிலிருந்து ஏர் எடுக்கிற வேலை. நான் சீட்டின் நுனியில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். அடியில் சித்தப்பா, பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனையை நிப்பிளிலும் மறு முனையை பாட்டிலிலும் செருகியிருப்பார். "மிதி... மிதி... பிடிச்சுக்கோ... விடு." பாட்டிலில் குமிழி நிற்கும் வரை இதே மந்திரம். என் உயரத்துக்கு மிதி எட்டினால் கண்ணாடி எட்டாது. பரவாயில்லை, வண்டி கட்டையில் நின்றது.

இப்படி வீட்டோடு பிரேக்கைப் பார்ப்பதைக் கேவலமாக நினைப்பவர்கள் பெர்தா பென்ஸை நினைத்துக்கொள்ளலாம். 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், ரெண்டு பையன்களோடு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கணவர் தயாரித்த காரை ஓட்டிப் போனார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேயவே, வழியில் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கிக்கொண்டார். கார் பிரேக்குக்கு லைனிங் வந்த கதை இதுதான். கம்பெனி முதலாளியின் மனைவியே வெளிக்கடைக்குத்தான் போயிருக்கிறார்.

சித்தப்பாவைப் புனிதராக்கவும் வேண்டாம். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் மலையிறங்கும் டிரைவர்களும் அந்தத் தலைமுறைதான். இன்றைய ஃபியூயல் இன்ஜெக்ஷன் எஞ்சினில் கணக்கு நேர்மாறு. கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் அறவே நின்றுவிடும், நியூட்ரலில்தான் செலவு. அணைத்துவிட்டாலோ நாலைந்து மிதியில் பூஸ்டர் வெற்றிடம் இழந்து பிரேக் கல்லாகிவிடும். அதாவது, பாதுகாப்பான வழியே சிக்கனமான வழியாகவும் ஆன பிறகுதான் அதை எல்லோரும் கைவிட்டிருக்கிறார்கள்.

எண்பதுகளில் மியூனிக் நகரத்து டாக்ஸி கம்பெனி ஒன்றின் வண்டிகளில் ஒரு பகுதிக்கு ஏபிஎஸ் பூட்டிப் பார்த்தார்கள். விபத்து குறையவில்லை, நல்ல பிரேக் கிடைத்த டிரைவர்கள் முரட்டுத்தனமாக ஓட்டியதுதான் மிச்சம். நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் காரிலும் ஏபிஎஸ் கட்டாயம். முடிவைப் பார்க்க மியூனிக் போகத் தேவையில்லை, எட்டாவது வளைவில் நின்றால் போதும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் போடி, கம்பம் ஜீப்காரர்கள் மட்டும் இன்னும் கியரில்தான் இறங்குகிறார்கள். ஜீப்பில் ஏற்றும் ஆள் கணக்கைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

அக்காவைக் கொடுத்தது பாலக்காட்டில். பாலக்காட்டுக் கணவாய் சமதளம். அங்கே பிரேக்கைத் தேய்த்தது மலையல்ல, வாளையாறு செக்போஸ்ட் வரிசை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அதுவும் போயிற்று. நெடுஞ்சாலையில் இருந்த மலை குதிரான்; 2021இல் அதையும் குடைந்து சுரங்கம் விட்டார்கள். அந்த ஊரில் கார் பழகிய அக்கா மகன் போன வருஷம் ஆட்டோமேட்டிக் காரில் பூப்பாறை வந்தான். முன்சக்கரம் கிறீச்சென்றது. பேடு தேய்ந்தால் தட்டில் உரசிக் கத்துவதற்கென்றே வைத்த தகடு அது. "பாட்டை சத்தமா வெச்சா கேக்காது மாமா" என்றான்.

வாசலிலேயே மாற்றினோம். நட்டைத் தளர்த்திய பிறகு ஜாக்கி, ஜாக்கிக்குத் துணையாக ஸ்டாண்டு. காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டி, பழைய பேடை வைத்தே பிஸ்டனை உள்ளே தள்ளி, பின்னில் கிரீஸ் தடவி, ரெண்டு பக்கமும் ஜோடியாகப் புதுசு. பழசில் 2 மில்லிமீட்டர்கூட மீதமில்லை. பிரேக் ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது, அதையும் மாற்றினோம். டாட் 3 ஆயில் புதிதாக 205 டிகிரியில் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் 140இலேயே கொதித்துவிடும். மழை ஊரில் அதற்கு ரெண்டு வருஷம் தாராளம். வண்டியை எடுக்கும் முன் மிதி கெட்டியாகும் வரை அடிக்கச் சொன்னேன். முதல் மிதி தரை தொட்டது. அவன் முகத்தில் முதன்முறையாகப் பக்தி தெரிந்தது.

"இறங்கும்போது ரெண்டாவது கியர், கேட்டியா?"

"இதுல ஏது மாமா ரெண்டாவது கியர்?"

டேஷ்போர்டுப் பெட்டியில் கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. கியர் கம்பின் கடைசி எழுத்தான 'எல்' மலையிறக்கத்துக்கு என்று படத்தோடு போட்டிருந்தார்கள்.

"இதுவா!" என்றான். "லக்கேஜ் ஏத்தினா போடறதுன்னு நெனச்சேன்."