கல்லில் இருப்பதும் நாம் சேர்ப்பதும்

கேள்வி: பிறர் சொன்னதை மேற்கோள் காட்டும்போது அப்படியே எடுக்கத்தான் வேண்டுமா? சாரம் போதாதா?

பதில்: போதும், அது நீங்கள் பிழிந்த சாரம் என்று சொல்லிவிட்டால். இலங்கையின் வன்னியில் ஆங்கிலேயரை எதிர்த்த சிற்றரசன் பண்டாரவன்னியனைப் பற்றி, ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் அவர்கள் நாட்டிய நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1803 ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் ட்றிபேர்க் இவ்விடத்துக்கு அண்மையில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதன் செய்தி. தோல்வி உண்டு, சாவு இல்லை. அதே கல்லைச் சாட்சிக்கு அழைத்து, வன்னியன் அன்றே அங்கேயே மாண்டான் என்று எழுதுவோர் இருக்கிறார்கள். ட்றிபேர்க்கால் முடியாததைப் பேனா முடித்துவிடுகிறது. வென்றவன் வெட்டிய கல்லுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே ஆண்டு ஓகஸ்டில் வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த மௌனத்தைக் குற்றம் சொல்லவும் கல் பேசியதை முழுதாகக் காட்டியாக வேண்டும். எதிராளியின் வாசகத்தை நாமே மாற்றிவிட்டால் நம் மறுப்பு நம்மைத்தான் மறுக்கும். 2010இல் அந்தக் கல் சேதமாக்கப்பட்டது. அதன் வாசகம் இன்றும் நம் கையில் இருப்பது, முன்னரே எழுத்துப் பிசகாமல் படியெடுத்து வைத்தவர்களால்.