கீழே விழுந்த இடுக்கி

இளம்பிள்ளையில் தறி ஓட்டுபவர் கையிலிருந்து தார்க்குச்சி தரையில் விழுந்தால் என்ன செய்வார்? குனிந்து எடுப்பார், லுங்கியில் ஒரு தேய்ப்பு, நாடாவுக்குள் ஒரு தள்ளு. தறி மறுபடி ‘டடக் டடக்’. மிஞ்சிப்போனால் சேலையில் ஒரு கறை, கடைக்காரரிடம் கொஞ்சம் பேரம். அதற்கு மேல் ஒரு குடியும் முழுகாது.

இதே வைத்தியத்தை ஒருவர் ஆஸ்பத்திரிச் சாமானுக்குச் செய்தார். பழி போய் விழுந்தது எங்கோ இருந்த இன்னொருவர் தலையில்.

அந்த இன்னொருவர் வால்டெமார் ஹாஃப்கின். ஒடெஸாவில் பிறந்த யூதர். படிப்போ விலங்கியல். 1893இல் காலரா ஊசியைத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்தார். பிறகு பம்பாயில் பிளேக் வந்ததும் அதற்கும் மருந்து காய்ச்சினார். 1897 ஜனவரி 10 அன்று அதை முதலில் குத்திக்கொண்டது தன் உடம்பில்தான். மருத்துவம் படிக்காத ஆள், இங்கிலீஷ்காரனும் இல்லை, மருந்து மட்டும் வேலை செய்கிறது! துரைமார் வயிறு எரிய வேறென்ன வேண்டும்?

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் மல்கோவால் என்ற கிராமம். பிளேக் ஊசிக்காக 107 பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 53-என் என்று எண்ணிட்ட புட்டியைத் திறக்கும் நேரத்தில் உதவியாளர் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. மாடு நடமாடும் கிராமத்து மண் டெட்டனஸ் கிருமிக்குச் சொந்த வீடு. அவர் குனிந்து எடுத்தார், கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினார், அதே இடுக்கியால் தக்கையைப் பிடுங்கினார்.

நம்ம கஞ்சமலை சித்தர் கோயில் தீர்த்தத்தில் முங்கி எழுந்தால் தோல் வியாதி போகும் என்பார்கள். அங்கே நம்பிக்கை போதும். டெட்டனஸ் கிருமியின் வித்துக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது. கார்பாலிக்கில் ஒரு முங்கு என்பது அதற்குத் தலைக்குக் குளித்த மாதிரி. தெம்பாக எழுந்து வரும். இடுக்கியை நெருப்பில் காட்டியிருக்க வேண்டும்.

அந்த ஒரு புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் 19 பேர். 19 பேரும் டெட்டனஸில் செத்தார்கள். மற்றப் புட்டிக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சர்க்கார் விசாரணைக் கமிஷன் போட்டது. ஹாஃப்கின் மருந்துச் செய்முறையிலிருந்து கார்பாலிக்கை எடுத்துவிட்டு, சூட்டிலேயே கிருமியைக் கொல்கிறார் என்று தெரிந்ததும் கமிஷனுக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். புட்டி பம்பாயிலேயே கெட்டுவிட்டது என்று எழுதி முடித்தார்கள். இடுக்கியும் சாட்சியத்தில் வந்ததுதான். ஆனால் இடுக்கிக்கு மெமோ கொடுக்க முடியாதே! விஞ்ஞானிக்குக் கொடுக்கலாம். கொடுத்தார்கள், வேலையும் போயிற்று.

மலேரியாவுக்காக நோபல் பரிசு வாங்கிய ரொனால்டு ராஸுக்குத்தான் பொறுக்கவில்லை. 1907இல் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் கடிதங்களாக எழுதித் தள்ளினார். லண்டன் லிஸ்டர் நிலையமும் புட்டி திறக்கும்போதுதான் கெட்டிருக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டே ஹாஃப்கின் மீதிருந்த பழி நீங்கியது. தப்பு இடுக்கி மேல் என்று ஒப்புக்கொள்ள ஐந்து வருஷம்!

இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் கையுறை போட்ட கை இடுப்புக்குக் கீழே இறங்கினாலே தீட்டு. என் பாட்டி மடித் துணியோடு நடந்தது மாதிரி நர்ஸம்மா நடப்பார். பாட்டியின் தீட்டுக்காவது தண்ணீர் தெளித்துப் பரிகாரம் உண்டு. இங்கே அதுவும் கிடையாது. கீழே விழுந்த சாமான் விழுந்ததுதான், மறுபடி வேகவைத்த பிறகே மேஜை ஏறும்.

அதனால் அடுத்த முறை ஊசிக்கோ தையலுக்கோ போகிறபோது ஏதாவது ‘டிங்’கென்று தரையில் விழுந்து, அதைக் குனிந்து எடுக்கிறார்கள் என்று வையுங்கள். கூச்சப்படாதீர்கள். “அது வேண்டாங்க, வேற எடுங்க” என்று சொல்லிவிடுங்கள்.