நாலாவது கடிதம்

அப்போது எங்கள் புதூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி 1986 அக்டோபரில்தான் தனி மாவட்டமானது. பருத்தி எடுப்பு முடிந்தால் கரிசலில் வேலை கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவோம். 144 பெட்டி ஒரு குரோஸ். பசை விரலில் காய்ந்து தோலோடு உரியும். ஒருத்தி மட்டும் ரமணிசந்திரன் நாவலை உரக்க வாசிப்பாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே ஒட்டுவோம். பத்து வீடு சுற்றிய புத்தகம், அட்டை கழன்று, ஓரமெல்லாம் பசை அப்பித்தான் உரியவளிடம் திரும்பும்.

வாசித்தவள் என் உயிர்த்தோழி. வேறு சாதிப் பையனுக்கு நான் எழுதிய கடிதங்களைக் கொண்டுபோனவளும் அவளே. மூன்று போய்ச் சேர்ந்தன. நாலாவது என் மதினி கையில் இருந்தது.

"ஏ புள்ள, இது ஒன் கையெழுத்துதான?"

தோழி அடுப்படி வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றோடு நான் தெருவில் இறங்குவது நின்றது. தையில் கல்யாணம்.

வருஷக்கணக்கில் அவளோடு பேசவில்லை. நாங்கள் வாசித்த கதைகளில் குடி கெடுப்பவள் மாமியாராகவோ பணக்கார அத்தை மகளாகவோ இருப்பாள். சிவசங்கரியின் '47 நாட்கள்' ஏமாற்றும் புருஷனைக் காட்டியது. 1981-இல் பாலசந்தர் அதைப் படமாகவும் எடுத்தார். ஒரே கிண்ணத்தில் பசை தொட்டவள் ஏன் காட்டிக்கொடுத்தாள் என்று எனக்குச் சொல்ல ஒரு கதையும் கையில் இல்லை.

2004-இல் வெளியான சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைப் பிந்தித்தான் படித்தேன். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் போகாமல் நிறுத்தப்பட்டவர் எழுதிய நாவல். அதில் ஃபிர்தவ்ஸ் வேற்று மதத்துச் சிவாவை விரும்புகிறாள். அது அவள் சாவில் முடிகிறது. பெண்ணைக் காவல் காப்பவர்கள் அந்த வீட்டுப் பெண்களே. காக்கத் தவறினால் அவர்களுக்கும் அடிதான். படித்து முடித்த ராத்திரி என் தோழி நினைவு வந்தது. அவள் அண்ணன் எங்கள் புஞ்சையில் கூலிக்கு நின்றவன். கடிதம் வேறு யார் கையிலாவது சிக்கியிருந்தால் அந்தக் குடும்பத்தின் கஞ்சியில்தான் முதலில் மண் விழுந்திருக்கும். இது எனக்கு அன்றே புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் துரோகம் துரோகம்தான். 'மாட்டேன்' என்று முதல் கடிதத்திலேயே அவள் சொல்லியிருக்கலாம்.

இப்போது என் பேத்தி கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிக் கல்லூரி போகிறாள். போன மாதம் அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பையன் அனுப்பியதை, கூடப் படிக்கிறவள் படமெடுத்து எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். வீட்டில் எழுந்த கேள்வி மாறவில்லை: "பையன் என்ன ஆளுக?" நான் பேத்தியின் போனைப் பிடுங்க விடவில்லை. படிப்பையும் நிறுத்த விடவில்லை.

கி.ரா., பூமணி, சோ. தர்மன் என்று இந்த மண்ணை எழுதியவர்கள் பலர். பசைக் கிண்ணத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்த இரண்டு பெண்பிள்ளைகளின் கதையை இந்த ஊர்ப் பெண் ஒருத்தி எழுத வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற தாயி, படித்தவள் நீ எழுது. என் பங்கை நான் சொல்கிறேன். அவள் பங்கை அவளிடமே போய்க் கேள். இன்னும் புதூரில்தான் இருக்கிறாள்.