ஏலத்தில் மனை: எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: நெல்லைக்குப் பக்கத்தில் 5 சென்ட் மனை வங்கி ஏலத்துக்கு வந்திருக்கிறது. ரிசர்வ் விலை 18 லட்சம். பக்கத்து மனைக்காரர், "25-க்குக் குறையாது" என்கிறார். எவ்வளவுக்குக் கேட்கட்டும்?
– வாசகர், பாண்டுப் மேற்கு

பதில்: உங்கள் மனை 25-க்குப் போனால் அவர் மனையும் உட்கார்ந்த இடத்திலேயே 25 ஆகிவிடும். அவர் சொன்னது அவர் மனையின் விலை! அதை விடுங்கள். அதே தெருவில் கடந்த ஒரு வருடத்தில் பதிவான கிரயப் பத்திரங்களைப் பாருங்கள், விற்றவரிடமும் வாங்கியவரிடமும் பேசுங்கள். 22 லட்சம் என்று தெரிகிறது என்று வையுங்கள். அது வில்லங்கமில்லாத, சுவாதீனம் கைக்கு வந்த மனையின் விலை. ஏல மனையோ 'உள்ளது உள்ளபடி'.

அறிவிப்பில் சுவாதீனம் நேரடியா, பெயரளவிலா என்று பாருங்கள். பெயரளவில்தான் என்றால், உள்ளே இருப்பவர் வெளியேற ஒரு வருடம் ஆகலாம். அதற்கு வட்டியே கிட்டத்தட்ட 2 லட்சம். வக்கீல், சர்வேயர், வரி பாக்கி என்று இன்னொரு 50 ஆயிரம். மிஞ்சுவது 19.5 லட்சம். அதுதான் உங்கள் உச்சம். கழித்துப் பார்த்து 18-க்குக் கீழே வந்தால் அந்த ஏலத்தின் பக்கமே போகாதீர்கள்.

பத்திரச் செலவை இந்தக் கணக்கில் கழிக்க வேண்டாம். அந்த 22 லட்சம் கொடுத்தவரும் அதைத் தனியாகக் கட்டியவர்தான். ஆனால் கையில் அதற்கும் பணம் இருக்க வேண்டும். பட்டா, புலப்படம், டிடிசிபி அனுமதி மூன்றும் பார்க்காமல் முன்பணம் கட்டவே கூடாது. அனுமதியில்லாத மனையில் வீடு எழும்பாது.

கேள்வி: பத்துப் பேர் போட்டி போட்டால் அது நல்ல இடம் என்றுதானே அர்த்தம்? துணிந்து ஏற்றலாமே?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: இடம் நல்லதாகவே இருக்கலாம்; விலை நல்லதாக இருக்காது. பத்துப் பேர் மதிப்புப் போட்டால் சிலர் குறைத்துப் போடுவார்கள், சிலர் கூட்டிப் போடுவார்கள். ஏலம் போவது எல்லோரையும்விடக் கூட்டிப் போட்டவருக்கு. மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல் ஏலம் எடுத்த கம்பெனிகளுக்கு எதிர்பார்த்த லாபம் வராததைப் பார்த்து, அட்லாண்டிக் ரிச்ஃபீல்டின் மூன்று பொறியாளர்கள் 1971-லேயே இதை எழுதிவிட்டார்கள். கூட்டம் பெருகப் பெருக நம் கணக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதுதான் சரி.

மதிப்பு எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கு உங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. 2022 நவம்பரில் தாராவி சீரமைப்பு டெண்டரைத் திறந்தபோது அதானி 5,069 கோடி, டிஎல்எஃப் 2,025 கோடி. அது நிலத்தின் விலையல்ல, போடுவதாகச் சொன்ன முதலீடு. இருந்தாலும் ஒரே இடம், ஒரே நிபந்தனை, இரண்டு பெரிய கம்பெனிகள். இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்! நம் 22 லட்சமும் ஒரு மதிப்பீடுதான்.

கேள்வி: ஏலம் எடுத்தபிறகு பணம் புரளாவிட்டால்?
– வாசகர், தாராவி

பதில்: கட்டியது போய்விடும். வங்கிகள் அடமானச் சொத்தை ஏலம் விடும் சர்ஃபேசி சட்டத்தின் விதிப்படி ஏலம் முடிந்த அன்றோ அடுத்த வேலை நாளோ 25 சதவீதம் கட்ட வேண்டும். விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில் மீதி. எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் 3 மாதம். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன ஒரு வழக்கில் 12.27 கோடிக்குக் கேட்டவர் 3 கோடிக்கு மேல் கட்டிவிட்டு மீதியைக் கட்டவில்லை. உயர் நீதிமன்றம் பெரும்பகுதியைத் திருப்பித் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில், கட்டிய 25 சதவீதம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்றது. வீட்டுக் கடனை நம்பிக் கேட்பவர்கள், 'இந்த ஏல மனைக்கு, இந்தத் தேதிக்குள் தருவோம்' என்று கடன் தரும் வங்கி எழுதிக் கொடுத்தபிறகே கேளுங்கள்.

கேள்வி: கடைசி நிமிடத்தில் ஒரு பத்தாயிரம் கூட்டிப் போட்டால் கிடைத்துவிடும் என்றிருக்கும்போது விடுவதா?
– வாசகி, செம்பூர்

பதில்: கடைசி நிமிடத்தில் யார் கூட்டினாலும் பெரும்பாலும் இன்னொரு ஐந்து நிமிடம் நீளும். எதிராளிக்கும் அதே பத்தாயிரம்தான் தோன்றும். பலர் 19 லட்சம், 20 லட்சம் என்று முழு எண்ணில் நின்றுவிடுவார்கள். அதனால் உங்கள் உச்சத்தை 19 லட்சத்து 50 ஆயிரம் என்பதுபோல முன்கூட்டியே எழுதி வையுங்கள். அதையும் தாண்டிப் போனால் விட்டுவிட்டு, அடுத்த சில மாதம் வங்கி விளம்பரங்களைப் பாருங்கள். எடுத்தவர் மீதியைக் கட்டாவிட்டால் அதே மனை மறுபடி ஏலத்துக்கு வரும்.