இன்னும் ரெண்டே வருஷம்!

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ரசிகரிடம் அணியைப் பற்றி வாய் கொடுத்தால் சாப்பாடு ஆறிப்போகும். 1991 முதல் 2016 வரை விடாமல் 25 முறை பிளேஆஃப் கண்ட ஐஸ் ஹாக்கி அணி அது. அதன்பின் 2025 வரை ஒன்றுகூட இல்லை. பிளேஆஃப் வந்தால் பனித்தளத்தில் ஆக்டோபஸை வீசுவது 1952-லிருந்து அந்த ஊர் வழக்கம். அந்த ஒன்பது சீசனும் ஆக்டோபஸ்களுக்கு நிம்மதி.

2019-ல் பழைய கேப்டன் ஸ்டீவ் ஐசர்மேன் பொது மேலாளராகத் திரும்பினார். அணியை மீட்டெடுக்கும் அவர் திட்டத்துக்கு ‘ஐசர்பிளான்’ என்று பெயர்கூட வைத்தாயிற்று. அடுத்த சீசனில் 71 ஆட்டத்தில் 17 வெற்றி, கடைசி இடம். சரி, கடைசியில் வந்ததற்குப் புதுமுக வீரர்களை எடுப்பதில் முதல் தேர்வாவது கிடைக்கும் என்று பார்த்தால் குலுக்கலில் நான்காவது இடம். தோற்பதற்கும் ஜாதகம் வேண்டும்போல!

வந்த வருஷமே மோரிட்ஸ் சைடரை ஐசர்மேன் எடுத்தபோது “யாருய்யா இந்த ஜெர்மன் பையன்?” என்றவர்கள், 2022-ல் பையன் சிறந்த புதுமுக விருது வாங்கியதும் “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார்கள்.

கேப்டனாக மூன்று ஸ்டான்லி கோப்பை வாங்கித் தந்தவரைத் திட்ட வாய் வருமா? கோச் எதற்கு இருக்கிறார்? 2024 டிசம்பரில் டெரெக் லலோண்ட் போய் டாட் மெக்லெலன் வந்தார். திட்டு அதே முகவரிக்குப் போனது, ஆள்தான் வேறு.