ஆளில்லாக் கடற்கரை தேவை

ஆள் அரவமே இல்லாத கடற்கரை ஒன்றில் கூடாரம் அடித்து, தூண்டில் போட்டு, மணலில் வண்டி ஓட்டி இரண்டு நாள் இருந்துவிட்டு வருவது என்று முடிவான இடம் மதுரை சிம்மக்கல்லில் ஒரு டீக்கடை. நேரம் மாலை ஏழு மணி. அந்த நேரத்தில் அங்கே நிற்கிறவன் தனிமையைத் தேடுவதில் வியப்பில்லை. ஒரு கிளாஸ் டீ முடிவதற்குள் இரண்டு பேர் தோளில் இடித்து, ஒருவர் ‘தள்ளி நில்லுங்கண்ணே’ என்று அதட்டி, ஷேர் ஆட்டோ ஒன்று முழங்காலை உரசிவிட்டுப் போயிருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடல் என்றால், ராமேஸ்வரத்தில் முங்குவதற்கும் திருச்செந்தூரில் செருப்பைத் தொலைப்பதற்கும் உரிய இடம். மற்றபடி தண்ணீரைக் கண்டாலே நின்று வேடிக்கை பார்க்கிற ஜனம் நாங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்க வேண்டுமே என்று அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீரை, ஏ.வி. பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி, பின்னால் வருகிறவன் திட்டத் திட்ட எட்டிப் பார்ப்போம். வைகையின் நீளம் 258 கிலோமீட்டர். வழியெல்லாம் கண்மாய்களுக்குக் கொடுத்து, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கும் கொடுத்து, மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்னும் ஊரில் அது கடலைத் தொடும். மிஞ்சுகிற வருஷம் அபூர்வம். எங்கள் ஆறே போகத் தயங்குகிற இடத்துக்கு நாங்கள் நாலு பேர் கிளம்பினோம்.

நாலு பேர் என்றாலும் பயணம் மூன்று. பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கூடாரம். பங்காளிக்கு மீன். மச்சானுக்கு மணலில் வண்டி. எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. செலவுக் கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மச்சான் வாங்கியிருந்தது கரடுமுரடான பாதைக்கென்றே செய்த வண்டி. சீட்டு அவன் இடுப்புக்கு மேல் இருக்கும். சிக்னலில் நின்றால் கால் ஊன்ற பிளாட்பாரம் தேடுவான். அதுவரை அவன் ஓட்டிய மிகக் கரடான பாதை, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்த எங்கள் தெரு. ராத்திரியெல்லாம் யூடியூபில் ஆஸ்திரேலியாவைப் பார்ப்பான். அங்கே கேகாரி என்று ஒரு தீவு. முன்பு ஃபிரேசர் தீவு என்றார்கள். அதன் கிழக்குக் கரை மணல்வெளி சட்டப்படியே நெடுஞ்சாலை. வேக வரம்பு உண்டு, சின்ன விமானம்கூட இறங்கும். “அங்கிட்டு பீச்சே ரோடு மாப்ள. நமக்கு ரோடே பீச்சாத்தான் கெடக்கு” என்றான். நம் பக்கத்தில் மணலில் வண்டி ஓட்டப் பேர்போன கடற்கரை கண்ணூர் அருகே முழப்பிலங்காடு. நாலு கிலோமீட்டர் போலக் கெட்டி மணல். போவோமா என்றேன். நானூறு கிலோமீட்டருக்குக் குறையாது என்று தெரிந்ததும், அந்தச் சீட்டில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டான்.

மணலில் ஓட்டுவது தனி வித்தை. டயரில் காற்றைப் பாதியாக இறக்க வேண்டும். அப்போதுதான் டயர் பரந்து, புதையாமல் போகும். எழுந்து நின்று ஓட்ட வேண்டும். முன்பிரேக்கைத் தொடவே கூடாது. இதையெல்லாம் படித்துவிட்டு மச்சான் பயிற்சிக்கு இறங்கியது வைகையில். மதுரையில் மணல் வேறெங்கே இருக்கிறது? வைகையிலும் இல்லை என்பது இறங்கிய பிறகு தெரிந்தது. மணல் எப்போதோ லாரி ஏறிப் போய்விட்டது. இருந்தது களியும் கோரையும் சாக்கடையும். முன்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கயிறு கொடுத்து இழுத்துவிட்டார். இழுத்துவிட்டு, “அழகரே வருஷத்துக்கு ஒருக்காத்தான்யா இறங்குறாரு. ஒனக்கு என்ன அவசரம்?” என்று கேட்டார்.

பங்காளிக்கு மேலூர்ப் பக்கம். அங்கெல்லாம் கோடையில் கண்மாய் வற்றுகிற சமயம் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், விடிகாலையிலிருந்து காத்துக்கிடந்த சுற்றுப்பட்டு ஜனம் மொத்தமும் சகதியில் இறங்கும். வலை, கச்சா, கூடை, பழைய சேலை, கையில் எது இருக்கிறதோ அது. இரண்டு பக்கமும் வாய் திறந்த ஊத்தாவைச் சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியே கையைவிட்டு விராலையும் கெளுத்தியையும் தூக்குவதில் பங்காளி சூரன். அந்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைத்துத்தான் தின்ன வேண்டும். அன்றைக்கு ஊரே ஒரே வாசம் அடிக்கும்.

அந்தத் தைரியத்தில் கடலுக்கும் ஊத்தாவைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். “கரையோரம் எம்புட்டு ஆழம் இருக்கும்?” என்று கேட்டான். அலை வரும்போது இடுப்பு, போகும்போது கணுக்கால் என்றேன். ஊத்தாவைத் திருப்பி அனுப்பிவிட்டு, தங்கூசி நரம்பு, ஈயக்குண்டு, தூண்டில் முள் வாங்கப் போனோம். கரையிலிருந்து வீசினால் கிழங்கான் மாட்டும், ஓரா மாட்டும், இரைக்கு இறாலை உரித்துக் கோத்துவிடுங்கள் என்றார் கடைக்காரர். பங்காளி அங்கேயே நின்று கணக்குப் போட்டான். இறால் கிலோ என்ன விலை, கிழங்கான் என்ன விலை? இறாலைக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு வீட்டில் இருந்தால் லாபம் என்று விடை வந்தது.

அண்ணனின் கூடாரம் கூரியரில் வந்து இறங்கியது. நாலு பேர் படுக்கலாம் என்று உறையில் போட்டிருந்தது. எந்த ஊர் நாலு பேர் என்று போடவில்லை. ஒத்திகைக்கு அவர் வீட்டு மொட்டைமாடியில் விரித்தோம். தளத்தில் ஆணி இறங்காது என்பதால் ஒரு கயிற்றைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் இன்னொன்றை டிஷ் ஆன்டெனாவிலும் கட்டினோம். கீழே மதினி பார்த்துக்கொண்டிருந்த சீரியல் அத்தோடு நின்றது. மாசம் சித்திரை. உள்ளே படுத்தால் இட்லிக் கொப்பரைதான். கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் வெந்து வெளியே வந்தோம். அண்ணன் அசரவில்லை. கடற்கரை மணலில் ஆணி நிற்காது, மணல் நிரப்பிய பையில் கயிற்றைக் கட்டி ஆழப் புதைக்க வேண்டும் என்று படித்து வைத்திருந்தார். கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பைகளை மதினி பரணில் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு மணமக்கள் பெயர். எங்கள் கூடாரம் பறக்காமல் இருப்பது எட்டு ஜோடிகளின் இல்லறத்தைப் பொறுத்தது என்றாகிவிட்டது.

இனி இடம். எல்லார் வாயிலும் முதலில் வந்தது தனுஷ்கோடி. ஒரு காலத்தில் முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும். அதற்கப்பால் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பும் வேனும் குலுங்கிக் குலுங்கிப் போகும். மச்சான் கனவு கண்டது அதை. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டருக்கு வழவழவென்று சாலையைத் திறந்துவிட்டார்கள். இந்தச் சேதி கேட்ட அன்று மச்சான் டீ குடிக்கவில்லை.

அண்ணனுக்குக் கிடைத்த சேதி அதைவிட மோசம். வெளியூர்க்காரர்கள் மாலை ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், இரவு தங்க அனுமதி இல்லை. காரணம் இல்லாமல் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல், பாம்பனிலிருந்து போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையே வாரிக்கொண்டது. ரயில் நிலையம், தபால் நிலையம், கோயில், தேவாலயம், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய துறை என்று ஓர் ஊர் முழுக்க ஒரே ராத்திரியில் போயிற்று. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அப்படி அறிவித்த மண்ணில்தான் மீனவக் குடும்பங்கள் இன்றும் ஓலைக் குடிசை போட்டு, மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்து வாழ்கின்றன. இதைப் பேசும்போது எங்கள் நாலு பேருக்கும் கேலி வரவில்லை. 2025-ல் அங்கே பூநாரைகளுக்கென்று ஒரு சரணாலயமும் அறிவித்தாயிற்று.

பங்காளி மேப்பைப் பெரிதாக்கினான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, முயல் தீவு, அப்பா தீவு. பெயரைக் கேட்டாலே போகத் தோன்றியது. “பூவரசன்பட்டின்னு ஒண்ணு இருக்குப்பா. பட்டின்னா நம்ம உசிலம்பட்டி மாதிரித்தான். டீக்கடையாவது இருக்கும்” என்றான். விசாரித்தால், பூவரசன்பட்டித் தீவு கடலில் மூழ்கிப் பல வருஷம் ஆகிறது. பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் கரை அரித்து, அதுவும் இன்னொரு தீவும் உள்ளே போய்விட்டன. மிச்சம் உள்ளவை 1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன; வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.

“அப்ப தேரிக்காட்டுக்குப் போவோம்” என்றான் மச்சான். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செக்கச்செவேல் என்று மணல் மேடு மேடாகக் கிடக்கும் பூமி. அண்ணன் இதை வீட்டில் சொன்னதுதான் தாமதம். அவருக்குக் குலதெய்வம் தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார். “கும்பிடப் போயி எம்புட்டு நாளாச்சு, நல்லவேளை நீங்களே கிளம்புறீக” என்று மதினி வேன் பேசிவிட்டார். வேன் நிறைய ஜனம், பொங்கல் பானை, விறகு. வேனில் இடம் போதாமல் மச்சான் வண்டியின் பின்சீட்டுக்கு ஒரு சின்னப்பாட்டி. மச்சானுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அதைத் தள்ளிப்போட்டோம்.

கடைசியாக, பெயர் தெரியாத ஏதாவது ஒரு கரையில் ராத்திரியைக் கழித்துவிடுவது என்று ஒரு யோசனை. கீழக்கரையில் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் அதையும் கலைத்தார். ராமநாதபுரம் கரை முழுக்க இரவில் ரோந்து உண்டு. இலங்கை எட்டிப் பிடிக்கும் தூரம். பீடி இலை போகும். பிடிக்கவே தடை உள்ள கடல் அட்டை போகும். இலங்கையில் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு மூட்டை மூட்டையாக மஞ்சளும் போகத் தொடங்கியது. “ராத்திரி ரெண்டு மணிக்குக் கரையில டார்ச்சோட நாலு பேரு நின்னா என்ன நெனப்பாங்க தம்பி? பையில என்ன வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். பங்காளி வாயைத் திறக்கவில்லை. மீன் பொரிக்க என்று அவன் ஆத்தா கட்டிக் கொடுத்த மூட்டையில் அரைக் கிலோ மஞ்சள் தூள் இருந்தது.

மணலில் வண்டி விடுவதற்கும் பாயிடம் பதில் இருந்தது. தை தொடங்கிப் பங்குனி வரை ஆமை கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டை போல இருக்கும், மேலே பார்த்தால் வெறும் மணல். குஞ்சு பொரித்தால் வெளிச்சம் தெரிகிற திசைக்கு நகரும். கடலுக்குப் போக வேண்டியது, அண்ணனின் எமர்ஜென்சி லைட்டைப் பார்த்துக் கூடாரத்துக்குள் வரும்.

ஆக, நம் கரையில் ஆளில்லாத இடமே கிடையாது. மேப்பில் வெறிச்சென்று தெரிகிற துண்டில் ஒரு அக்கா கருவாடு காயப்போட்டிருப்பார். அதற்கடுத்த துண்டு ஒருத்தர் வலையை விரித்து ஓட்டை அடைக்கிற இடம். அதற்கும் அடுத்த துண்டில் ஒரு குருசடி, அதற்கு ஒரு திருவிழாக் கமிட்டி. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைவாசலில் எவனாவது வந்து கூடாரம் அடித்தால் நாம் மட்டும் விடுவோமா?

பகலோடு திரும்புவதாக ஒரு சனிக்கிழமை இருட்டோடு தனுஷ்கோடிக்கே கிளம்பினோம். பரமக்குடி தாண்டி மச்சான் ஆசைக்கு ஒரு மண்பாதையில் இறங்கினான். அந்தச் சீமையின் மண்பாதைகளுக்குக் காவல் சீமைக்கருவேல முள். டயருக்குப் பஞ்சர் ஒட்டியவர், “தெரியாம இறங்கிட்டீகளா?” என்று கேட்டார். வேண்டுமென்றேதான் என்று மச்சான் பெருமையாகச் சொன்னான். அவர் அதற்குத் தனியாக ஐம்பது ரூபாய் வாங்கினார்.

தனுஷ்கோடியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகில் போய் வலையைப் பெரிய வளைவாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று மணிக்கணக்கில் இழுக்கிற வேலை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பங்காளி கயிற்றைப் பிடித்தான்; பின்னாலேயே நாங்களும். கொஞ்ச நேரத்தில் அண்ணனுக்கு மூச்சு இரைத்தது. அவருக்கு முன்னால் நின்றவருக்கு எழுபது வயசுக்குக் குறையாது, பாடிக்கொண்டே இழுத்தார். வலை கரை சேர்ந்தபோது சாளையும் காரலும் கொஞ்சம் நகரையும் துள்ளின. ஒரு பாட்டி இரண்டு கை அள்ளிப் பங்காளியின் துண்டில் போட்டார். காசு எவ்வளவு என்றான். “அதான் இழுத்தீகள்ல” என்றார்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாக் விரிகுடாப் பக்கம் கொந்தளிக்கும், ஆனி, ஆடியில் மன்னார் வளைகுடாப் பக்கம். எந்தப் பக்கம் வலை விடுகிறார்களோ அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். கயிற்றில் கை வைக்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். மீனுக்கு மஞ்சள் ஒரு சின்னப் பொட்டலம் போதும்.