அரை நாள் அண்ணன்

மாசாய், பெர்மாஸ் ஜெயா, பாசிர் கூடாங் பக்கம் எந்தத் தாமானுக்குப் போனாலும் இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. யார் வீட்டு வாசலிலாவது ஒரு கார் பானெட்டைத் திறந்து வைத்தால் போதும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாதி குடித்த தே தாரேக் பொட்டலம் விரலில் தொங்க வந்து நிற்பார். தலையைச் சாய்த்து உள்ளே ஒரு பார்வை, பிறகு தீர்ப்பு. "அரை நாள் வேல தம்பி. இதுக்குப் போயி பட்டறையில காசு அழுவியா?" கியர் பாக்ஸ் இறக்கினாலும் அரை நாள், தண்ணீர் பம்ப் மாற்றினாலும் அரை நாள். தாமானில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது: அரை நாள் அண்ணன். அவருடைய அரை நாள் எந்த வீட்டிலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்ததாகத் தகவல் இல்லை. அதற்காக அவரைக் கூப்பிடாமல் விட்டவர்களும் இல்லை. கூலி வாங்க மாட்டார் என்பது ஒரு காரணம். கூப்பிடாவிட்டாலும் வருவார் என்பது இன்னொன்று.

பேச்சு எங்கே தொடங்கினாலும் "நான் ஷிப்யார்டுல முப்பது வருசம் இருந்தவன்" என்ற இடத்துக்கு வந்து சேரும். பொய்யில்லை. 1973இல் நிறுவப்பட்டு இன்றைக்கும் பாசிர் கூடாங்கில் நடக்கும் கப்பல் தளத்தில்தான் வேலை பார்த்தார். பெரிய எண்ணெய்க் கப்பலின் பிரதான இஞ்சின் மூன்று மாடி உயரம் நிற்கும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி. அவர் இருந்தது பெயிண்ட் பிரிவில். ஆனாலும் மூன்று மாடி இஞ்சினைப் பார்த்த கண்ணுக்கு, ஒரு படகுக்குள் கிடக்கும் 400 கிலோ இஞ்சின் எப்படிப் பெரிதாகத் தெரியும்?

அந்த 400 கிலோ ஒரு தம்பியின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. விடியுமுன் எழுந்து, மோட்டாரில் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கான ஜொகூர்க்காரர்களில் அவரும் ஒருவர். அங்கே வாங்கும் டாலர் சம்பளம் இங்கே வெள்ளியாக மாறும்போது சிலருக்கு நகை வாங்கத் தோன்றும், சிலருக்கு நிலம். இவருக்குப் படகு தோன்றியது. அக்கரைக்காரர் ஒருவர் கைகழுவிய 21 அடி பைபர் போட், டிரெய்லரோடு. வார இறுதியில் மீன் பிடிக்கலாம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செனிபோங் பக்கம் ஒரு சுற்று வரலாம் என்று கணக்கு. "இவ்வளவு மலிவா ஏன் குடுக்கறாங்க?" என்று மனைவி கேட்டபோதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஜொகூர்க் கடலோரத்தில் கண்ணில் படும் சிறு படகுகளுக்கெல்லாம் பெரும்பாலும் பின்பலகையில் மாட்டித் தொங்கும் இஞ்சின்தான். கெட்டுப்போனால் கழற்றி மோட்டார் பின்னால் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடலாம். இது அந்த ரகமில்லை. இதன் பெயர் ஸ்டெர்ன்டிரைவ். இஞ்சின் படகுக்குள்ளே பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். புரொப்பெல்லரைச் சுழற்றும் கால் வெளியே தண்ணீரில் தொங்கும். பலகையில் போட்ட ஓட்டை வழியாக இரண்டும் கைகோத்துக்கொள்ளும். ஜிம் வின் என்ற அமெரிக்கர் யோசித்த இந்த ஏற்பாட்டை வால்வோ பென்டா நிறுவனம் 1959இல் 'அக்வாமாட்டிக்' என்று கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில் மெர்க்குரி நிறுவனம் 'மெர்குரூசர்' என்று தன் பங்குக்கு இறங்கியது. உள் இஞ்சினின் பலமும் வெளி இஞ்சினின் லாகவமும் ஒன்றாகக் கிடைக்கும் என்பது விற்கிறவர் சொல்வது. இரண்டின் தொல்லையும் ஒன்றாகக் கிடைக்கும் என்பது வாங்கியவர் பிறகு தெரிந்துகொள்வது.

தம்பியின் படகில் இருந்தது 5.7 லிட்டர் வி-8. ரேடியேட்டர் கிடையாது. கடல் நீரையே உறிஞ்சி, பிளாக்குக்குள் சுற்றவிட்டு, புகையோடு சேர்த்து வெளியே தள்ளும். ஒவ்வொரு முறை கரையேறியதும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். இல்லையென்றால் உப்பு உள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். புகைபோகும் வார்ப்பிரும்பு முழங்கை ஓட்டையானால், வெளியே போக வேண்டிய தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். பெட்ரோலும் காற்றும் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் பாதி வழியில் நின்றுவிடும். அதுதான் நடந்திருந்தது. விற்றவருக்கு அலசும் பழக்கம் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி. "கார் இஞ்சின்தான தம்பி இது? ஸ்கூடாய்ல ஹாஃப்-கட் கடையில நான் எத்தன இறக்கியிருக்கேன்! நாலு போல்ட்டு. அரை நாள்."

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்து இறங்கும் கார்களில் இஞ்சின் பொறுக்குகிற அந்தக் கடைகள் அவருக்கு அத்துப்படி என்பது உண்மை. கார் இஞ்சின் என்று சொன்னதிலும் தப்பில்லை. அமெரிக்காவில் ஷெவர்லே கார்களிலும் லோரிகளிலும் ஓடிய அதே பிளாக்தான் அது. நாலு போல்ட் என்பதும் ஏறக்குறையச் சரி. கணக்கில் அவர் சேர்க்காமல் விட்டது பின்பலகையை.

கார் இஞ்சின் மேலே வந்துவிடும். இது வராது. வெளியே தொங்கும் காலிலிருந்து ஒரு தண்டு உள்ளே புகுந்து, இஞ்சினின் வால்பக்கத்துக் கப்ளரில் பல்லோடு பல்லாகச் செருகிக்கொண்டிருக்கிறது. முதலில் காலைக் கழற்ற வேண்டும், பிறகு இஞ்சினை முன்பக்கம் நகர்த்த வேண்டும், அப்புறம்தான் மேலே. "நோவு உள்ள இருக்கு, வெளியில இருக்கறத எதுக்குத் தொடணும்?" என்று அண்ணன் முதல் ஞாயிறு காலை முழுவதையும் அதைத் தொடாமலே கழித்தார். கடப்பாரை போட்டு நெம்பினார். இஞ்சின் லேசாக அசைந்து, மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்தது. கூட்டத்தில் இருந்த பொடியன் ஒருவன் கைப்பேசியில் ஓர் அமெரிக்கக் காணொளியைத் தேடிக் காட்டினான். அண்ணன் இரண்டு நிமிடம் பார்த்தார். "இதத்தான நான் அப்பவே சொல்ல வந்தேன்."

கியரை முன்னோட்டத்தில் போட்டு, டிரிம் சிலிண்டர்களை விடுவித்து, ஆறு நட்டைக் கழற்றினால் கால் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது புத்தகம். வரவில்லை. ரப்பர் பெல்லோஸ் எப்போதோ கிழிந்து உப்புத் தண்ணீர் புகுந்திருந்தது. உள்ளே கிம்பல் பேரிங் துருவேறி தண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. மேலெல்லாம் காய்ந்த கொட்டலசு. தொட்டால் விரலைக் கீறியது. எண்ணெய் தெளித்துப் பார்த்தார்கள், மரச்சுத்தியால் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் நாலு பேர் பிடித்து இழுக்க, "ஒண்ணு… ரெண்டு…" என்று எண்ணும் பொறுப்பை அண்ணன் ஏற்றார். மூன்றுக்கு முன்பே அது வந்துவிட்டது. நாலு பேரும் தார் ரோட்டில் உட்கார்ந்தார்கள். துருச்சேறும் கறுத்த எண்ணெயும் கலந்த தண்ணீர் எல்லோர் மேலும் தெறித்தது, எண்ணியவர் கைலியைத் தவிர.

காணொளி பார்க்கத் தொடங்கியதில் அண்ணனுக்கு இன்னொரு ஞானமும் கிடைத்தது. அமெரிக்காவில் குளிர்காலம் வருமுன் பிளாக்கில் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். விட்டுவைத்தால் உறைந்து விரிந்து இரும்பே பிளந்துவிடும். அண்ணன் வடிகால் திருகுகளைத் திறந்துகொண்டே, பனியின் கொடுமையைத் தாமானுக்கு விளக்கினார். நடுப்பகல், மாசாய் வெயில், நெற்றியெல்லாம் வியர்வை. தூக்கும்போது கொட்டாமலிருக்க எப்படியும் வடித்தாக வேண்டிய தண்ணீர்தான் அது. வேலை சரி, காரணம்தான் இறக்குமதி.

இடைவேளை ஒட்டுக்கடையில். அங்கே அவர் வாத்தியார். கடற்பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது, ஜொகூர்க் கரைப்பக்கம் படகுகள் கடந்துபோக ஒரு மடை இருந்தது, 1942 ஜனவரிக் கடைசியில் பின்வாங்கிய பிரிட்டிஷ்காரர்கள் வெடிவைத்ததில் அது போய்விட்டது, அதனால் இன்றைக்கு செனிபோங்கில் இருக்கும் போட் டாங்கா பே போக வேண்டுமென்றால் சிங்கப்பூர்த் தீவையே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே சொல்லுவார். இதில் ஒன்றுகூடத் தப்பில்லை. மனிதர் தெரிந்ததைச் சொல்லும்போது கேட்க அவ்வளவு சுகமாக இருக்கும். தெரியாததையும் அதே குரலில் சொல்வதுதான் சிக்கல்.

தூக்குவதற்குக் கிரேன் லோரி கூப்பிடலாம் என்றார் தம்பி. அண்ணனுக்கு அது மானப் பிரச்சினை. சேன் பிளாக் ஒன்றை இரவல் வாங்கி வந்து, போர்ச்சின் கான்கிரீட் பீமை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையைத் தம்பியின் மனைவி ஜன்னல் வழியாகக் கண்டுவிட்டார்.

"அண்ணே, அந்த பீமுக்கு இன்னும் பதினெட்டு வருசம் பேங்க் கடன் இருக்கு."

பீம் தப்பியது. சாரக்கட்டுப் பைப்புகளைக் கட்டி ஒரு முக்காலி எழுந்தது. இதில் கை தேர்ந்தவர்தான். கப்பல் தளத்தில் பெயிண்டுக்காரர்கள் சாரத்தின் மேலேயே வாழ்ந்தவர்கள். இஞ்சினின் பின் மவுண்ட் போல்ட்டுகள் பலகைக்கும் பிளைவீல் கூட்டுக்கும் இடையில் பெரிய கை நுழையாத இடுக்கில் இருந்ததால், பக்கத்து வீட்டுப் பையன் உள்ளே இறக்கப்பட்டான். அவன் ஒவ்வொன்றாக எடுத்து மேலே நீட்டினான்: நட், போல்ட், இரட்டைச் சுருள் வாஷர், ஒரு பைபர் வாஷர். மறுபடி மாட்டும்போது அதே வரிசையில் போக வேண்டியவை. அண்ணன் பைபர் வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யாரோ சும்மா போட்டது" என்று வீசப் போனார். பையன் பறித்து மைலோ டின்னில் போட்டு மூடினான். அன்றைய வேலையில் உருப்படியான காரியம் அதுதான்.

சங்கிலி இறுகியது. முன்பக்கம் நகர்த்தி, இழுக்க இழுக்க இஞ்சின் இரண்டு அங்குலம் எழும்பியது. கைதட்டல். மூன்றாவது அங்குலத்தில் படகும் சேர்ந்து எழும்பியது. டிரெய்லர் டயர்கள் உப்பி நின்றன. "நிறுத்து நிறுத்து!" எதுவோ கழற்றப்படவில்லை. பெட்ரோல் குழாய், பேட்டரி ஒயர், திராட்டில் கேபிள், புகைக்குழாயின் ரப்பர் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்கள். பவர் ஸ்டியரிங்கின் எண்ணெய்க் குழாய்கள் இரண்டில் ஒன்று மட்டும் விறைத்துக்கொண்டு பின்பலகையைப் பிடித்திருந்தது. "அது நான் வேணும்னே வச்சது, ஆடாம இருக்கட்டும்னு" என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை, தலைக்கு மேல் 400 கிலோ தொங்கும்போது சிரிப்பு வராது.

ஒருவழியாக இஞ்சின் வெளியே வந்து, போர்ச்சில் அடுக்கிய பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தது. பெர்மாஸிலிருந்து போட் இஞ்சின் பார்க்கும் சீன அங்கிள் ஒருவர் வந்து, ஸ்பார்க் பிளக் ஓட்டையில் விளக்கடித்துப் பார்த்து ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஹபிஸ்." பிளாக் போய்விட்டது.

அண்ணன் தளரவில்லை. லோரியிலிருந்து அதே பிளாக்கை எடுத்து மாட்டலாம், ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும்கூட அதிலிருப்பதே போதும் என்றார். இங்கே மட்டும் அவரை ரசிக்க முடியாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் தரையோடு பரவிக் கலைந்துவிடும். படகில் போக வழியின்றி அடித்தளத்தில் குளமாகத் தேங்கும். அதனால்தான் ஸ்டார்ட் செய்யுமுன் நாலு நிமிடமாவது புளோயரை ஓட்டச் சொல்கிறார்கள். அதனால்தான் படகு ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் உள்ளே எழும் தீப்பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்யப்படுகின்றன, விலையும் அதற்கேற்ப. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். அங்கிள் மலாயும் தமிழும் கலந்து, இரண்டு கைகளையும் விரித்து 'பூம்' என்று காட்டினார். தம்பியின் மனைவி அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. லோரி ஸ்டார்ட்டர் பேச்சு அன்றோடு சரி.

"இதுக்கு அவுட்போர்டே மாட்டிரலாமே" என்றார் கூட்டத்தில் ஒருவர். இப்போது பலர் செய்வதும் அதுதான்: பின்பலகை ஓட்டையை அடைத்து, மேலே பிராக்கெட் வைத்து, வெளி இஞ்சினுக்கு மாறிவிடுகிறார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய், ஓட்டைக்கு முன்னால் குந்தி, சாண் போட்டு அளந்தார். உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறியிருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார்.

"பைபர் வேல தெரிஞ்ச பையன் ஒருத்தன் உலு திராம்ல இருக்கான். ரெசின் நாலு கிலோ போதும்."

"பத்து" என்றார் அங்கிள்.

பேரம் படியுமுன் மழை பிடித்துக்கொண்டது. இஞ்சின் மேல் ஒரு கேன்வாஸை இழுத்துப் போட்டுவிட்டு, எல்லோரும் ஒட்டுக்கடைக்கு ஓடினார்கள். அங்கிளுக்கும் சேர்த்து தே ஓ சொன்னது அண்ணன்தான். காசு கொடுத்தது தம்பி.